அப்பா உள்ளே வந்ததும் வீடு ஏன் அமைதியாகிறது?

ஒரு அப்பா கேட்டிருக்கிறார். வயது 48, வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: “கடன் வாங்கி இரண்டு பிள்ளைகளையும் நல்ல ஸ்கூலில் படிக்க வைத்தேன். குடி, சீட்டு எதுவும் கிடையாது. யார் மீதும் கை வைத்ததில்லை. ஆனாலும் கடையை மூடிவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் பேச்சு நின்றுவிடுகிறது. காலேஜ் படிக்கும் மகள் எழுந்து ரூமுக்குள் போய்விடுகிறாள். பிளஸ் ஒன் படிக்கும் மகன் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பிக்கிறான். எது வேண்டுமென்றாலும் அவர்கள் அம்மா மூலமாகத்தான் எனக்கு வருகிறது. நாம் நடந்துகொள்வதைப் பொறுத்துத்தான் உறவு அமையும் என்கிறார்கள். நான் எதில் குறை வைத்தேன்? இனிமேல் மாறினால் நடிக்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா?”

குடும்பநல ஆலோசனை வேலையில் இருக்கும் எனக்கு இந்த நிலைமை புதிதில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு வருபவர் வழக்கமாக மனைவியாக இருப்பார். இல்லாவிட்டால் கல்யாணமாகித் தனக்கே பிள்ளை பிறந்த பிறகும் அப்பாவிடம் நாலு வார்த்தை பேச முடியாமல் தவிக்கும் மகனாக இருப்பார். அப்பாவே முன்வந்து கேட்பது குறைவு. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள். ஸ்கூல் ஃபீஸ், கடன், குடி இல்லை, அடி இல்லை. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். இவை இல்லாத வீட்டில் பிள்ளைகள் படும் பாட்டை வேலையில் தொடர்ந்து பார்க்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி முழுக்கத் தேடினாலும் மகள் உங்களிடம் சொன்ன ஒரு விஷயம் இல்லை, மகன் எதில் ஆசையாக இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. குடும்பத்துக்காக நீங்கள் பட்ட பாடெல்லாம் கடையிலும் பேங்கிலும் நடந்தது. பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் உங்களைப் பார்ப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்தை ஒட்டி. அவர்களுக்குப் பழக்கமான அப்பா அந்தக் கொஞ்ச நேரத்து அப்பாதான்.

அந்த நேரம் எப்படிப் போகிறது? உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து ஒரு ராத்திரியாகச் சொல்கிறேன். உங்களுடையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

கேட்டில் பைக் சத்தம். உள்ளே டிவி சத்தம் குறைகிறது. சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து உட்காருகிறான். அப்பா செருப்பைக் கழற்றும்போதே, “மோட்டார் போட்டீங்களா, இல்லையா?” உள்ளே வந்ததும், “ஆளே இல்லாத ரூம்ல எதுக்கு ஃபேன் ஓடுது?” அடுத்து பையனிடம், “இன்னைக்காவது புக்கைத் தொட்டியா?” தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்ததும் மகள், “அப்பா, எங்க காலேஜ்ல...” என்று ஆரம்பிக்கிறாள். அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது. “இரும்மா” என்று எடுக்கிறார். சரக்கு வரவில்லை, டிரான்ஸ்போர்ட் ஆபீசில் யாரைப் பிடிப்பது என்று பேச்சு நீள்கிறது. அவர் வைக்கும்போது மகள் கை கழுவிவிட்டுப் போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. கரண்ட் பில் கட்டுகிறவர் ஃபேனைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். தொழில் செய்கிறவர் போனை எடுக்கத்தான் வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. மொத்தமாகப் பார்த்தால் அவர் கேட்டதெல்லாம் செக்கிங், மகள் நீட்டிய பேச்சு மட்டும் அந்தரத்தில் நின்றுபோனது. இப்படியே சில வருடங்கள் போனால், அப்பா என்றால் கணக்குக் கேட்பவர் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பைக் சத்தத்துக்கே முதுகு நிமிர்ந்துவிடும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் ஒரு அபார்ட்மெண்டையே ஆய்வுக்கூடமாக்கினார். புதிதாகக் கல்யாணமான தம்பதிகளை அங்கே இருக்கச் சொல்லி, அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவு செய்தார். சண்டைகளை மட்டும் அவர் குழு எண்ணவில்லை. ஜன்னல் பக்கம் நிற்கும் ஒருவர், “அந்தப் படகு எவ்வளவு அழகா இருக்கு பாரேன்” என்பதுபோல் ஏதாவது சொன்னால் மற்றவர் என்ன செய்கிறார் என்பதையும் எண்ணினார்கள். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம், காதில் விழாததுபோல் இருக்கலாம், எரிந்து விழலாம். ஆறு வருடம் கழித்து அந்தத் தம்பதிகளை மறுபடி தேடிப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் இந்த மாதிரிச் சின்ன அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் முகம் கொடுத்தது 33 சதவீதத்துக்கு. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணித்துவிடலாம் என்று காட்மன் பெயரில் சுற்றும் பேச்சை நான் ஏற்பதில்லை. அந்த வகைக் கணிப்பை வேறு தம்பதிகள் மீது போட்டுப் பார்த்தால் துல்லியம் வெகுவாகச் சரிகிறது என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-ல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படகுப் பேச்சு விஷயம் நான் பார்க்கும் வீடுகளில் அப்படியே பொருந்துகிறது. கணவன் மனைவிக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கும்.

“அப்பா, எங்க காலேஜ்ல...” என்பது அப்படிப்பட்ட ஒரு அழைப்பு. ஒருமுறை தவறினால் ஒன்றும் ஆகாது. நூறு முறை தவறினால் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். அவள் கோபத்தில் நிறுத்துவதில்லை, பழிவாங்க நிறுத்துவதில்லை. பேச வேண்டும் என்ற ஆசையே அந்த ஆளிடம் வற்றிவிடுகிறது. பேச்சு வராத கைக்குழந்தையிடமே இதைப் பார்க்கலாம். எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 1978-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சொன்னபடி முகத்தை அசைக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை ஆட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. தாயின் முகத்தைத் திரும்பக் கொண்டுவரத் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டுகிறது. ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது. உங்கள் மகள் ரூமுக்குள் போவதை மரியாதைக் குறைவு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதற்கு முன்னால் அவள் எத்தனை முறை கையை ஆட்டிப் பார்த்திருப்பாள் என்று யோசியுங்கள்.

இந்த இடத்தில் அப்பாக்கள் என்னிடம் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. “நான் விசாரிக்காமல் விட்டால் எனக்கு எப்படித் தெரியும்? காலம் கெட்டுக் கிடக்கிறது. வயசுப் பிள்ளைகள். கண்கொத்திப் பாம்பாக இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.” பயம் நியாயமானது. வழிதான் வேலை செய்வதில்லை.

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, என் வேலையில் நான் மிக அதிகமாகத் துணைக்கு எடுத்துக்கொள்வது. அதற்கு முன்பு இருந்த ஆய்வுகள், பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்பது பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் தப்பு வழிக்குப் போவது குறைவு என்று சொல்லிவந்தன. அதை வைத்து எல்லோரும், அப்படியானால் நன்றாகக் கண்காணியுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். இவர்கள் இருவரும் இன்னொரு படி உள்ளே போய்க் கேட்டார்கள்: அந்தப் பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து மூன்று வழிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிள்ளை தானாக வந்து சொல்வது, பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைப்பது. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு முதல் வழியில் வந்தது. பிள்ளைகள் தவறான வழிக்குப் போகாமல் இருப்பதோடு வலுவாகச் சேர்ந்து வந்ததும் அதுதான். தங்களை இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் பிரச்சினைகள் கூடுதலாகவே இருந்தன.

ஆகவே உங்கள் பையனைக் காப்பாற்றப்போவது அவன் உங்களிடம் வந்து சொல்லும் பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். பையன் ஒருநாள், “அப்பா, எங்க கிளாஸ்ல ஒருத்தன் சிகரெட் பிடிச்சு மாட்டிக்கிட்டான்” என்கிறான். அவன் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. இப்படி ஒன்று நடந்தது, எனக்குள் ஏதோ செய்கிறது, உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று வந்திருக்கிறான். அப்பா, “யாரு அவன்? நீ அவனோடதான சுத்தறே? இனிமே அவன்கூடப் பாத்தேன், காலை உடைச்சிருவேன்” என்கிறார். அக்கறையில் வந்த வார்த்தைதான். பையன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, எதைச் சொன்னாலும் அது நம் மேலேயே வழக்காகத் திரும்பும் என்பது. அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான். இரண்டு வருடம் கழித்து அவனே ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போது, ஃபிரெண்ட்ஸ், பக்கத்து வீடு, டியூஷன் சார் எல்லோருக்கும் தெரிந்து கடைசியாக அப்பாவுக்குத் தெரியும். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா” என்று பெரிய மனிதர்கள் என் எதிரில் உட்கார்ந்து உடைந்து அழுதிருக்கிறார்கள். அந்த அழுகை பொய்யில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் எதையும் செய்திருப்பார்கள். அது மகனுக்குத் தெரிய வழியில்லாமல் போய்விட்டது.

கெட்ட செய்தியை விடுங்கள். நல்ல செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் நம் வீடுகள் அதிகம் கோட்டை விடுகின்றன. மகள் செமினாரில் இரண்டாம் பரிசு வாங்கி வருகிறாள். “ஃபர்ஸ்ட் யாரு?” என்கிறோம். கணக்கில் 96 என்றால் அந்த 4 எங்கே போனது என்கிறோம். தலைக்கனம் வந்துவிடக்கூடாது என்ற பழைய கவலை அது. ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். நல்ல செய்தி சொல்ல வருபவருக்கு நாம் நான்கு விதமாகப் பதில் தரலாம்: உற்சாகமாகக் கூடச் சேர்ந்துகொள்வது, “ம், நல்லது” என்று முடித்துவிடுவது, அதில் குறை கண்டுபிடிப்பது, கவனிக்காமல் வேறு பேச்சுக்குப் போவது. உறவு நன்றாக இருந்ததோடு சேர்ந்து வந்தது முதல் விதம் ஒன்றுதான். “ம், நல்லது” கூடப் போதவில்லை. காதலர்களை வைத்து அவர் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கஷ்டத்தில் எப்படித் தோள் கொடுத்தார்கள் என்பதைவிட, சந்தோஷத்தை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே அந்த உறவு எப்படி இருக்கிறது என்பதை நன்றாகக் காட்டியது. நம் ஊர் அப்பாக்கள் கஷ்டம் என்றால் நகையை அடகு வைத்தாவது நிற்பார்கள். அதில் சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில் நிற்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

இனி மகன் விஷயம். “பொறுப்பே இல்லை இவனுக்கு” என்று ஒரு அப்பா முடிவு செய்துவிட்டால் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1977-ல் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். மார்க் ஸ்னைடரும் அவர் கூட்டாளிகளும், முன்பின் தெரியாத ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் நேரில் பார்க்காமல் குரல் வழியாக மட்டும் பேச வைத்தார்கள். ஆண்கள் கையில் ஒரு போட்டோ கொடுத்து, நீங்கள் பேசப்போவது இவரோடுதான் என்றார்கள். அந்தப் படங்கள் உண்மையில் வேறு பெண்களுடையவை. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாத முகம். பெண்களுக்குப் படம் பற்றி எதுவும் தெரியாது. பிறகு பெண்களின் குரலை மட்டும் தனியாகப் பிரித்து, விஷயம் தெரியாத வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நினைத்துப் பேசப்பட்ட பெண்கள், நிஜமாகவே அதிகக் கலகலப்பாகவும் பிரியமாகவும் பேசியதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். எதிர்முனையில் இருந்த ஆண் எதிர்பார்ப்போடும் உற்சாகத்தோடும் பேசினான், அந்தப் பெண் அதற்கேற்ப மலர்ந்து பேசினாள். அவன் மனதில் இருந்தது அவள் குரலில் வந்துவிட்டது.

இது பத்து நிமிடப் பேச்சில், முன்பின் தெரியாதவர்களிடம் நடந்தது. பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருக்கும் பையனிடம் என்னென்ன நடக்கும்? பொறுப்பில்லாதவன் என்று நினைக்கும் அப்பா அவனிடம் பொறுப்பான வேலை எதையும் தர மாட்டார். தந்தாலும் பின்னாலேயே நின்று திருத்துவார். அவன் ஒரு நாள் தானாக மோட்டாரைப் போட்டிருந்தால் அது கண்ணில் படாது, மறந்த நாள் மட்டும் படும். செய்தாலும் செய்யாவிட்டாலும் பேச்சு ஒன்றுதான் என்றால் அவன் ஏன் செய்யப்போகிறான்? பிறகு அவன் செய்யாமல் இருப்பதைக் காட்டி, “பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல” என்பார். உங்கள் முன்னால் தலை குனிந்து போன் பார்க்கும் அந்தப் பையன், அவன் ஃபிரெண்ட் வீட்டில் அந்த அம்மாவுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். அங்கே அவன் நடிப்பதில்லை. அங்கே அவனை வேறு மாதிரி நடத்துகிறார்கள்.

கடன் வாங்கிப் படிக்க வைத்ததைச் சொன்னீர்கள். இதைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், மனது நோகக்கூடாது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் வைக்கும் மொய்யை நோட்டில் பெயர் போட்டு எழுதி, அவரவர் முறை வரும்போது கூடுதலாகத் திருப்பிச் செய்வார்கள். எழுதுவதுதான் அங்கே மரியாதை. அந்த நோட்டு இருப்பதால்தான் அத்தனை குடும்பங்களும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. அதே நோட்டை வீட்டுக்குள் பிள்ளைகள் பெயரில் திறந்தால் விளைவு நேர்மாறாக இருக்கிறது. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979-ல் வெளியிட்ட சோதனையில், நெருக்கமான பழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு, தாங்கள் செய்த உதவிக்கு உடனே பதில் உதவி வந்தபோது அந்த ஆள் மீது பிரியம் குறைந்தது. வெறும் கொடுக்கல் வாங்கலாக எதிர்பார்த்தவர்களுக்குக் கூடியது. நெருக்கத்தை எதிர்பார்க்கும் இடத்தில் கணக்கு வந்தால் மனம் பின்வாங்குகிறது. “உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா” என்ற வாக்கியம் பிள்ளை காதில் விழும்போது, தான் மகள் என்பது போய்க் கடன்காரி என்று ஆகிறது. கடன் கொடுத்தவர் எதிரில் வந்தால் யாரும் தெரு மாறித்தான் நடப்பார்கள். நீங்கள் அதைச் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். செலவு செய்ததைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா மூலமாகத் தகவல் வருவதை நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வேலையை அவர் விரும்பிச் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்காதீர்கள். மகளுக்கு டூர் பணம் வேண்டும் என்றால் எந்த நேரத்தில் சொன்னால் எடுபடும், கடையில் வியாபாரம் எப்படி இருந்தது, முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பேசுவது பெரிய பாரம். பிள்ளைகளிடம் உங்களுக்காகப் பரிந்து பேசுவதும் அவர்தான். அந்தப் பாலத்தைத் திடீரென்று உடைக்க வேண்டாம், “எங்கிட்ட நேரா வரச் சொல்லு” என்று உத்தரவு போட வேண்டாம். தகவல் வந்ததும் நீங்களே மகளிடம் போய், “டூர் எங்கம்மா போறீங்க?” என்று கேளுங்கள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பதை எடுக்காதீர்கள்.

நடத்தையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பதினாறு, பதினேழு வயதில் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து கொஞ்சம் விலகித் தங்களுக்கென்று ஒரு மூலை தேடுவது இயல்பு. அதில் பாதி உங்களைப் பற்றியதே இல்லை. சில பிள்ளைகள் பிறவியிலேயே அதிகம் பேசாதவர்கள். இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்குகிறவர்கள், தினமும் அவமானப்படுத்தப்படுகிறவர்கள், நான் இன்னும் பணிவாக நடந்திருந்தால் அவர் மாறியிருப்பாரோ என்று இந்தப் பதிலை வைத்துத் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அடிக்கிறவரின் கை அவருடைய பொறுப்பு. பெண்களுக்கு 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. நடத்தை பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

உங்களுக்கு வருகிறேன். என்ன செய்யலாம்? வீட்டுக்குள் நுழைந்த முதல் கால் மணி நேரம் எதையும் சரிபார்க்காதீர்கள். ஃபேன் ஓடினால் கையால் அணைத்துவிட்டு வாருங்கள், வாயால் வேண்டாம். கேள்வி கேட்பதற்குப் பதில் உங்கள் நாளிலிருந்து ஒன்றைச் சொல்லுங்கள். பழைய ராஜ்தூத் பைக்குக்கு பார்ட் கேட்டு ஒரு பெரியவர் வந்தார், ஊரெல்லாம் அலைந்திருக்கிறார், அந்த வண்டியை விற்க மனசே வரவில்லையாம் என்று சொல்லிப் பாருங்கள். மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்பவரிடம்தான் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு உங்கள் கடையைப் பற்றி என்ன தெரியும்? கடன் இருக்கிறது என்பதைத் தவிர?

அவர்கள் பேச ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வையுங்கள். எடுத்தே ஆக வேண்டிய போன் என்றால் எடுங்கள், ஆனால் முடித்த பிறகு நீங்கள்தான் மகளின் ரூம் வாசலுக்குப் போக வேண்டும். “என்னமோ சொல்ல வந்தியே?” என்று கேட்க வேண்டும். அவள் “ஒண்ணுமில்லப்பா” என்பாள். முதல் சில தடவை அப்படித்தான் சொல்வாள். நீங்கள் கேட்டது பதிவாகியிருக்கும்.

மகன் சிகரெட் கதை மாதிரி ஏதாவது கொண்டுவந்தால், அன்றைக்கு “அப்புறம் என்ன ஆச்சு?” என்பதோடு நிறுத்துங்கள். புத்தி சொல்ல வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம், ஓடிப்போய்விடாது. கோபம் தலைக்கேறினால் அந்த நேரத்தில் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வது சரியாக மண்டையில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது காட்மன் குழுவின் கவனிப்பு. “கொஞ்சம் கழிச்சுப் பேசறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போங்கள். சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் போனால் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகத்தான் தெரியும். போனவர் திரும்பி வந்து பேசவும் வேண்டும்.

சில நாள் பழைய குரல் வந்துவிடும். ஃபேனுக்காகக் கத்திவிடுவீர்கள். அதற்காக எல்லாம் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ட்ரானிக் ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதலான பகுதி இது: நன்றாக ஒட்டுதலாக இருக்கும் தாயும் சேயும்கூடச் சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவரோடு ஒருவர் சரியாக இசைந்து போகிறார்கள். மீதி நேரமெல்லாம் பிசகுவதும், பிறகு சரிசெய்துகொள்வதும்தான். சரிசெய்வதில்தான் நம்பிக்கை வளர்கிறது. அதனால் மறுநாள் காலையில், “நேத்து ஃபேனுக்காக அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, தப்பு என் மேல” என்று சொல்லிவிடுங்கள். அதோடு “ஆனா நீயும்...” என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிற அப்பாக்களிடம் நான் சொல்வது, இதுவரை அப்படிக் கேட்டு மரியாதை இழந்த ஒருவரையும் என் வேலையில் பார்க்கவில்லை என்பதுதான்.

கடைசியாக, நடிக்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டீர்கள். நினைப்பார்கள். ஆரம்பத்தில் நிச்சயம் நினைப்பார்கள். மகன் சோதித்துப் பார்ப்பான், வேண்டுமென்றே ஃபேனைப் போட்டுவிட்டுப் போவான். மகள் அம்மாவிடம் போய், “அப்பாவுக்கு என்னாச்சும்மா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்று ரகசியமாகக் கேட்பாள். பல வருடப் பழக்கத்தைச் சில நாள் மாற்றத்தை வைத்து மறந்துவிடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சந்தேகப்படுவது சரிதான். உங்களுக்கும் முதலில் அந்த வார்த்தைகள் வாயில் ஒட்டாது. பழகாத எந்தக் காரியமும் அப்படித்தான் இருக்கும், அதனால் அது பொய்யாகிவிடாது. பொய்யா நிஜமா என்பதை அவர்கள் ஒரே ஒரு விஷயத்தை வைத்து முடிவு செய்வார்கள்: அவர்கள் பதிலுக்கு எதுவும் தராத நாட்களிலும் நீங்கள் தொடர்கிறீர்களா என்பது.

மகள் நேராகவே, “என்னப்பா, புதுசா இருக்கு?” என்று கேட்டால் மழுப்பாதீர்கள். “இவ்வளவு நாள் நீங்க பேசும்போது நான் சரியாக் காது கொடுக்கலைன்னு தோணுச்சு. இனிமே கேக்கணும்னு இருக்கேன்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவள் “சரிப்பா” என்று எழுந்து போனால் போகவிடுங்கள். பலன் தெரிய வாரக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு ஆகும். மகளைவிட மகனுக்கு நாளாகலாம். நாலைந்து மாதம் விடாமல் செய்தும் ஒரு அசைவும் இல்லையென்றால் குடும்பநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். பிள்ளைகளையும் மனைவியையும் எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்பதை அவரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம்.